விசிறியில்லாத படகு

குடும்பத்துக்குப் படகு வாங்குகிறவர்கள் முதலில் இயந்திரத்தைத்தான் பார்க்கிறார்கள். அது பிழை. அதில் யார் யார் உட்காரப் போகிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். நான் அப்படித்தான் பார்த்தேன். ஐயா இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் படகை நான் எந்தக் கெட்ட எண்ணத்தோடும் வாங்கவில்லை.

என் பெயர் சிவபாதம். சொந்த ஊர் சாவகச்சேரி. மலைக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. ஹட்டனில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இயந்திர உதிரிப்பாகங்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். வீடு மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில், மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு பழைய துரை பங்களா. என் மனைவி குணபூசணிக்காக வாங்கியது. அவளுக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. தொண்ணூற்றைந்தில் மகன்மார் றமணனையும் கஜதீபனையும் கூட்டிக்கொண்டு கனடாவில் இருந்த தமையனிடம் போய்விட்டாள். நான் கடையை விற்றுவிட்டுப் பின்னால் போவதாக ஏற்பாடு. நல்ல விலைக்கு ஆள் வரட்டும் என்று இருந்தேன். வந்த ஆட்களை எனக்குப் பிடிக்கவில்லை. ஆரம்பத்தில் கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசினோம். பிறகு தீபாவளிக்கு மட்டும். ஒருநாள் நானாக எடுத்தபோது சின்னவன் கஜதீபன், யார் பேசுவது என்று ஆங்கிலத்தில் கேட்டான். இலக்கம் மாறிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். அதன்பிறகு நான் எடுக்கவில்லை.

அந்த வீட்டில் ஏழு அறைகள். மழைக்காலத்தில் மூடுபனி முன்வாசலால் உள்ளே வந்து கதிரைகளில் இருக்கும். நான் வானொலியைப் போட்டுவிட்டுக் கேட்காமல் இருப்பேன். சத்தம் இருந்தால் போதும்.

விஜிதரன் என் கடையின் வான் வண்டியை ஓட்டியவன். கந்தப்பளைப் பக்கத் தோட்டத்துப் பையன். பதினைந்து வருடம் என்னோடு இருந்தான். உடப்புசல்லாவையிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வரை எந்தத் தொழிற்சாலைக்கு எந்தப் பாதையால் போவது என்று அவனுக்குத் தெரியும். அவன் மனைவி நாகலெட்சுமி. மகள் சுலக்ஷனா. ஹட்டனில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழுதான தண்ணீர்ப் பம்பைப் பார்க்க விஜிதரனை பங்களாவுக்கு வரச் சொன்னேன். அவன் குடும்பத்தையும் கூட்டிவந்தான். அப்போது சுலக்ஷனாவுக்கு ஐந்து வயது. வீடு முழுக்க ஓடினாள். ஏழு அறையிலும் அவள் காலடிச் சத்தம் கேட்டது. நாகலெட்சுமி என் குசினிக்குள் போய், பாவிக்காமல் கிடந்த சட்டிகளைக் கழுவி ரொட்டியும் சம்பலும் செய்தாள்.

போகும்போது பிள்ளை திரும்பிப் பார்த்து, "போயிட்டு வாறோம் சேர் மாமா" என்றது.

கடையில் எல்லோரும் என்னைச் சேர் என்பார்கள். மாமா என்பதை அவளாகச் சேர்த்துக்கொண்டாள். அன்றைக்கு நான் வானொலியைப் போடவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்கள். பம்பு மறுபடி பழுதாகவில்லை. ஆனால் வேறு ஏதாவது இருக்கும். நான் பார்த்துக்கொள்வேன்.

யுத்தநிறுத்தம் வந்து பாதைகள் திறந்த பிறகு ஊரில் ஆட்களுக்கு உல்லாசம் பற்றி யோசிக்க மனம் வந்தது. அப்போதுதான் படகு யோசனை வந்தது. பங்களாவுக்குக் கீழே தண்ணீர் கிடக்கிறது. பிள்ளை வளர்கிறாள். சும்மா ஊஞ்சலில் ஆட எத்தனை நாளைக்கு வருவாள்? ஒவ்வொரு ஞாயிறும் வரக் காரணம் ஒன்று வேண்டும்.

நீர்கொழும்பிலும் கொழும்பிலும் பல படகுகள் பார்த்தேன். வெளிப்பொருத்து இயந்திரம் உள்ளவை மலிவு, திருத்துவதும் சுலபம். ஆனால் பின்னால் தண்ணீருக்குள் விசிறி சுழலும். பிள்ளை நீந்திக்கொண்டிருக்கும் இடத்தில் அது சுழல்வதை யோசித்துப் பாருங்கள். அதனால்தான் ஜெட் படகுக்குப் போனேன். அதற்கு விசிறி இல்லை. அடியில் ஒரு சல்லடை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, பின்னால் உள்ள குழாயால் வேகமாகப் பீச்சியடித்துத்தான் அது ஓடும். கால் வெட்டுப்படாது. ஆழமில்லாத தண்ணீரிலும் போகும். கோடையில் மவுசாக்கலை வற்றும்போது அது முக்கியம். ஐந்து பேர் இருக்கலாம். பின்னால் கயிறு கட்டி, காற்றடித்த றப்பர் வளையத்தில் ஆளை இருத்தி இழுக்கலாம். விற்றவன் வேகத்தைப் பற்றியே பேசினான். நான் ஆசனங்களை அழுத்திப் பார்த்தேன். பிள்ளையின் அளவுக்கு மிதவைச் சட்டை கிடைக்குமா என்று கேட்டேன். கிடைத்தது. செம்மஞ்சள் நிறம், மூன்று வார்கள்.

அந்தப் படகுக்கு ஒரு குணம் இருக்கிறது. பின்னால் பீறிடும் தண்ணீர்தான் அதைத் திருப்புகிறது. வேகக் கைப்பிடியை விட்டால் தண்ணீர் பீறிடாது. தண்ணீர் பீறிடாவிட்டால் சுக்கானை எந்தப் பக்கம் திருப்பினாலும் படகு போன திசைக்கே போகும். விலக வேண்டுமென்றால் கைப்பிடியை விடாமல் திருப்ப வேண்டும். விற்றவன் எனக்கு முதலில் சொல்லித்தந்தது இதைத்தான். பழகிவிட்டால் ஒன்றுமில்லை.

அடுத்த ஒன்றரை வருடம் என் வாழ்க்கையில் நல்ல காலம். விஜிதரனுக்கு வளையத்தில் போகத்தான் ஆசை. பின்னால் அவன் தண்ணீரில் எகிறி எகிறிக் கத்திக்கொண்டு வருவான், சுலக்ஷனா படகில் நின்று சிரிப்பாள். ஓட்டுவது நான். ஒருநாள் நாகலெட்சுமி, "நானும் ஓட்டிப் பாக்கவா சேர்?" என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன்.

"திருப்பிறதெண்டால் கைப்பிடியை விடப்படாது. பயம் வந்தாலும் விடப்படாது. விளங்குதோ?" என்றேன்.

"வெளங்குது சேர்."

அவள் மறந்துவிடுவாள் என்று திரும்பவும் சொன்னேன். கரைக்கு வந்தபிறகும் சொன்னேன். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நன்றாக ஓட்டினாள். கரையிலிருந்து பார்க்கிற யாரும் எங்களை ஒரு குடும்பம் என்றுதான் நினைத்திருப்பார்கள். கொழுந்து பறிக்கிற பெண்கள் மேலேயிருந்து கை காட்டுவார்கள். நான் திரும்பக் கை காட்டுவேன்.

கடற்கோள் வந்த பிறகு நாகலெட்சுமிக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் பிடித்தது. இங்கே கடல் இல்லை, மலைக்கு எந்த அலையும் ஏறாது என்று எவ்வளவோ சொன்னேன். சில ஞாயிறுகள் வரவில்லை. அந்தப் பயம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். தைப்பொங்கல் முடிந்து ஒரு நாள் விஜிதரன் கடையில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். இரு என்றால் இருக்கவில்லை.

"சேர், ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வத்தளையில மச்சான் ஒரு கடை பாத்து வச்சிருக்காரு. சேந்து நடத்தலாம்னு கூப்புடுறாரு. பாப்பாவையும் அங்கயே ஸ்கூல்ல சேத்தறலாம்னு பாக்குறோம்."

"எப்ப?"

"சித்திரைக்கு முன்னாடி, சேர். ஒங்களுக்கு வேற நல்ல ஆளப் பாத்து விட்டுட்டுத்தான் போவேன்."

"ஞாயிற்றுக்கிழமையளில்?"

அவனுக்கு விளங்கவில்லை. "ஞாயித்துக்கெழம கடை பூட்டித்தான இருக்கும் சேர்" என்றான்.

நான் அவனுக்கு நல்ல வார்த்தை சொல்லித்தான் அனுப்பினேன். வத்தளை கொழும்புக்குப் பக்கம்தான், கனடா அல்ல. காலையில் வான் எடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். ஆனால் எனக்கு அந்த வழி தெரியும். முதலில் மாதத்துக்கு ஒருமுறை வருவார்கள். பிறகு தீபாவளிக்கு. பிறகு ஒருநாள் சுலக்ஷனா தொலைபேசியை எடுத்து யார் பேசுவது என்று கேட்பாள்.

சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொன்னேன். பங்களாவிலேயே வந்து இருக்கச் சொன்னேன். அவன் இரண்டுக்கும் மரியாதையாக மாட்டேன் என்றான். "பாப்பாவுக்காகத்தான் சேர்" என்றான். நானும் பிள்ளைக்காகத்தான் யோசித்தேன். அந்தப் பிள்ளையின் சிரிப்பு அந்த வீட்டுக்குரியது. அதைக் கொண்டுபோகிறவன் அவன் ஒருத்தன்தான். நாகலெட்சுமிக்குப் போக அவ்வளவு விருப்பம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கேட்கவில்லை. பார்த்தாலே தெரியும்.

மார்ச் மாதம் நீர்த்தேக்கம் நன்றாக வற்றியிருந்தது. அணை கட்டியபோது மூழ்கிய பழைய ஊரின் சுவர்களும் கோயிலும் வெளியே தெரிந்தன. கோயிலுக்கு இந்தப் பக்கம், ஒரு வளைவில், பழைய பாலத்தின் கல்தூண் ஒன்று தண்ணீருக்கு மேலே ஆள் உயரத்துக்கு நின்றது. கரையை ஒட்டி வருகிறவனுக்கு வளைவு திரும்பிய பிறகுதான் அது தெரியும். தெரிந்தவன் கைப்பிடியை அழுத்திச் சுக்கானைக் கொஞ்சம் திருப்பினால் விலகிப் போய்விடலாம். நான் பலமுறை போயிருக்கிறேன்.

போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசியாக வாருங்கள் என்றேன். வந்தார்கள். நாகலெட்சுமி கரையில் பாய் விரித்துச் சோற்றுப் பானையையும் கோழிக்கறியையும் எடுத்து வைத்தாள். வெயில் நன்றாக இருந்தது.

"விஜி, நீர் ஒருநாளும் ஓட்டினதில்லையே. இண்டைக்கு நீர் ஓட்டும்" என்றேன்.

அவனுக்குச் சந்தோசம். "எனக்குத் தெரியாதே சேர்."

"வான் ஓட்டுற உமக்கு இது ஒரு வேலையோ?"

சொல்லிக்கொடுத்தேன். எப்படி இயக்குவது, எப்படி நிறுத்துவது, எப்படிப் பின்னுக்கு எடுப்பது என்று எல்லாம். தண்ணீர் குறைந்த இடத்தில் மெதுவாகப் போனால் சேற்றை உறிஞ்சிவிடும், அதனால் வேகமாகப் போக வேண்டும் என்றேன். அது உண்மை. கரையை ஒட்டிப் போனால் கோயில் கிட்டத்தில் தெரியும் என்றேன். அதுவும் உண்மை. ஐயா, நான் அவனுக்குச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய் ஒன்றுகூட இல்லை. ஒரு வசனத்தை மட்டும் சொல்லவில்லை.

மலைப்பாதையில் பதினைந்து வருடம் வான் ஓட்டியவனுக்குத் திடீரென்று முன்னால் ஏதாவது வந்தால் உடம்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அவனுக்குப் பக்கத்தில் எத்தனையோ தடவை இருந்து போயிருக்கிறேன். வேகத்தை விட்டுவிட்டு ஸ்டியரிங்கை ஒடிப்பான். நல்ல ஓட்டுநர்கள் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள்.

மிதவைச் சட்டையை அவன் போடவில்லை. அக்குளில் இறுக்குகிறது என்று எப்போதும் சொல்வான். மற்ற நாட்களில் நான் வற்புறுத்திப் போட வைப்பேன். அன்று ஒன்றும் சொல்லவில்லை.

அவன் இயந்திரத்தை இயக்கிவிட்டான். அப்போது சுலக்ஷனா ஓடிவந்து படகில் ஏறினாள். "நானும் அப்பாகூட" என்றாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. இதை ஐயா தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். நான் எதிர்பார்க்கவே இல்லை.

"சேர், அவ போகட்டுமா?" என்று நாகலெட்சுமி பாயிலிருந்தபடி கேட்டாள். என்னைத்தான் கேட்டாள். பிள்ளையின் விசயத்தில் என் வார்த்தைக்கு அந்தக் குடும்பத்தில் அவ்வளவு மதிப்பு இருந்தது.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பிள்ளை அழுவாள். அழுதால் விஜிதரன் இறங்கி வந்துவிடுவான், சேர் நீங்களே ஓட்டுங்க, நான் வளையத்தில் வருகிறேன் என்பான். அடுத்த கிழமை அவர்கள் வத்தளையில் இருப்பார்கள். அல்லது அந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல ஒரு மூச்சு போதும்.

நான் தண்ணீருக்குள் இறங்கிப் போய்ப் பிள்ளைக்கு மிதவைச் சட்டையை மாட்டினேன். மூன்று வார்களையும் இறுக்கினேன். கடைசி வாரைத் திரும்பவும் இழுத்துப் பார்த்தேன். "இறுக்குதோ பிள்ளை?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பின் ஆசனத்தில் இருத்தினேன். முன்னால் இருப்பதைவிட அது பாதுகாப்பு. பிறகு படகைத் தள்ளிவிட்டேன்.

வளைவுக்குப் போகும் வரை படகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் நன்றாகத்தான் ஓட்டினான். பிறகு மேடு மறைத்துவிட்டது. சத்தம் மட்டும் கேட்டது. ஒரே சீராகக் கேட்ட சத்தம் சட்டென்று அடங்கியது. கைப்பிடியை விட்டுவிட்டான் என்று விளங்கியது. அதன்பிறகு ஒரு சின்ன அமைதி. தேயிலைக்குள் யாரோ இருமியது எனக்குக் கேட்டது. பிறகுதான் மோதிய சத்தம் வந்தது.

நாகலெட்சுமி எழும்புவதற்கு முன்னரே நான் ஓடத் தொடங்கிவிட்டேன். தண்ணீருக்குள் பாய்ந்து பிள்ளையைத் தூக்கிவந்தது நான்தான். சட்டை அவளை முகம் மேலே இருக்கும்படி தாங்கியிருந்தது. கை முறிந்திருந்தது, உயிர் இருந்தது. அவனுக்கு நெஞ்சிலும் தலையிலும் அடி. ஆட்கள் வந்து எடுத்தபோது முடிந்துவிட்டது. தன் உயிரைப் பாராமல் பிள்ளையைக் காப்பாற்றினார் என்று தோட்டத்தில் என்னைப் பற்றிப் பேசினார்கள். மரண விசாரணையில் விபத்து என்று எழுதினார்கள்.

செத்தவீட்டுச் செலவு முழுவதும் நான் பார்த்தேன். பிறகு அவர்களைப் பங்களாவுக்குக் கூட்டிவந்தேன். கிழக்கு அறையைக் கொடுத்தேன், வெயில் முதலில் வருவது அங்கேதான். பிள்ளையை மஸ்கெலியாவில் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, நானே கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தேன். ஏறக்குறைய ஒரு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம்.

நான் நினைத்த மாதிரி இருக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். நாகலெட்சுமி சமைத்து என் சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் மூடிவைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள். சுலக்ஷனா வானில் என் பக்கத்தில் இருக்க மாட்டாள், பின்னால் இருப்பாள். வீட்டில் என் செருப்புச் சத்தம் கேட்டால் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் ஓடிய சத்தத்தை நான் மறுபடி கேட்கவில்லை. துக்கம் என்று பொறுத்திருந்தேன். நான் மறுபடியும் வானொலியைப் போடத் தொடங்கினேன்.

உடைந்த படகு கீழே கொட்டகையில் கிடந்தது. அதைப் பார்த்தால் அவர்களுக்கு மனம் நோகும் என்று விற்க நினைத்தேன். அவர்கள் நன்மைக்காக நினைத்தது. போன மாதம் நீர்கொழும்பிலிருந்து ஒரு சிங்களப் படகு வியாபாரி பார்க்க வந்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் மூக்கில் விரலை வைத்து, "பயத்தில் கைப்பிடியை விட்டிருப்பார். புதிதாக ஓட்டுகிற எல்லோரும் அப்படித்தான். அதனால்தான் இதை முதலில் சொல்லிக்கொடுப்போம்" என்றார். சிங்களத்தில்தான் சொன்னார். நாகலெட்சுமி தேத்தண்ணீர்த் தட்டோடு எனக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும்.

அவர் போகும் வரை அவள் அங்கேயே நின்றாள். போனதும் தட்டைத் தரையில் வைத்தாள்.

"சேர், இத அவருக்குச் சொன்னீங்களா?"

ஒரு வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"மறந்துபோனன் நாகலெட்சுமி" என்றேன்.

"எனக்கு மூணு தடவ சொன்னீங்க."

நான் குனிந்து தட்டை எடுத்தேன்.

"அவருக்கும் சொல்லியிருப்பீங்கன்னு தான் நான் வாயத் தொறக்கல. பாப்பா ஏறுனப்ப ஒங்களத்தான கேட்டேன். நீங்கதான சட்டைய மாட்டி விட்டீங்க." அவள் குரல் உயரவில்லை. "எதுக்கு சேர் அவ்வளவு இறுக்கிக் கட்டுனீங்க?"

அதற்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். பாசத்தால் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பையோடு பாதைக்கு இறங்கிவிட்டாள். வானில் கொண்டுபோய் விடுகிறேன் என்று பின்னால் போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏறி நேரே பொலிஸுக்குப் போனாள் என்பது பின்னேரம் ஜீப் வந்தபோதுதான் தெரிந்தது.

யாரும் என்னை அடிக்கவில்லை, பயமுறுத்தவில்லை. விஜிதரனை நான்தான் கொன்றேன். தெரிந்து, யோசித்து, அவன் சாக வேண்டும் என்று அந்தப் படகில் ஏற்றினேன். பிள்ளை அதில் இருக்கிறாள் என்று தெரிந்துதான் தள்ளிவிட்டேன். இதை மறுக்கப்போவதில்லை. ஆனால் நான் அதை யாரையும் வெறுத்துச் செய்யவில்லை என்பதையும் ஐயா எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்று காலையில் என்னை இந்த நீதிமன்றத்துக்குக் கூட்டிவரும்போது அவர்கள் இரண்டு பேரும் வெளி வாங்குப் பலகையில் இருந்தார்கள். பிள்ளை வளர்ந்துவிட்டாள், கவுன் முழங்காலுக்கு மேலே நிற்கிறது. புதிதாகத் தைக்கக் கொடுக்க வேண்டும். "சாப்பிட்டாச்சோ பிள்ளை?" என்று கேட்டேன். அவள் தாயின் மடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நாகலெட்சுமி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடும்பத்துக்குள் இப்படிக் கோபம் வரத்தான் செய்யும், ஐயா. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கிழக்கு அறையைப் பூட்ட வேண்டாம் என்று பங்களாக் காவல்காரனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவர்கள் திரும்பி வருவார்கள். என்னை விட்டால் அவர்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?